காஷ்மீர் சால்வையின் மாங்காய் வடிவம் தெற்கிலிருந்து போனதா?

செல்லூர்த் தறிக்காரர்:
காஷ்மீர் சால்வையின் முகப்பில் வரும் வளைந்த வடிவம் நம் பட்டுப்புடவையிலும் மாங்காய் மாலையிலும் தலைமுறைகளாக இருக்கிறது. அது தெற்கிலிருந்தே வடக்கே போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

திருநகர் ஆசிரியை:
ஐயா, உருவம் ஒத்திருப்பதை மட்டும் வைத்துப் பிறப்பிடத்தை முடிவு செய்ய இயலாது. 17ஆம் நூற்றாண்டுச் சால்வைகளில் அந்த இடத்தில் நிற்பது வேரும் இலையுமாக உள்ள ஒரு தனிப் பூஞ்செடி. முகலாய அரசவை பூக்களை எவ்வளவு விரும்பியது என்பதற்கு, 1620இல் காஷ்மீர் சென்ற ஜஹாங்கீர் தம் ஓவியர் மன்சூரைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரையச் செய்ததே சான்று. 18ஆம் நூற்றாண்டில் அச்செடி நெருக்கமான பூங்கொத்தாகி நுனி சாய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் அது நீண்டு வளைந்து, பூக்களை உள்ளடக்கிய வெளிக்கோடாக மாறியது. மாங்காய்க்கு வேர் ஏது?

செல்லூர்த் தறிக்காரர்:
அம்மா, அந்த முகலாய அரசவை இருந்த ஆக்ராவிலும் லாகூரிலும் மாமரம் இல்லையா? நீள இழையான பாவும் குறுக்கிழையான ஊடையும் நேர்கோட்டில் குறுக்கிடும் தறியில், வேரும் இதழும் கொண்ட செடியை நுணுக்கமாக நெய்வது எளிதன்று. தறி தாங்குகிற எளிய வடிவமே முதலில் வந்திருக்கும்.

திருநகர் ஆசிரியை:
காஷ்மீர் சால்வையை நெய்யும் கானி நெசவு அப்படிப்பட்டது அன்று. கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கும் நம் கோர்வைச் சேலையில், ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடா மூன்று ஓடுகின்றன. கானியிலோ கரையிலிருந்து கரைக்கு நாடாவே ஓடுவதில்லை. ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிச் சிறு மரக்குச்சியில் பஷ்மினா என்னும் மெல்லிய ஆட்டுக் கம்பளி நூலைச் சுற்றி, அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் ஊடையாகச் செலுத்திப் பக்கத்து நிறத்தோடு பின்னுவார்கள். எந்த நிறம் எத்தனை இழை என்பதைத் 'தாலிம்' என்னும் குறியீட்டுத் தாள் பார்த்து நெய்வதால், இதழின் ஓரம்கூடத் துல்லியமாக விழும். ஒரு சால்வைக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

பழங்காநத்தம் வாசகர்:
இருவரும் நெசவாளியை மறந்துவிடக் கூடாது. இதே வடிவத்தை 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் ஜக்கார்டு தறியில் மலிவாகப் பெருக்கியபோது, அசலை நெய்தவர்கள் கடும் வரியால் வாடி, 1865இல் ஸ்ரீநகரில் எதிர்த்து எழுந்து உயிரிழந்தார்கள். அவர்கள் உழைப்பில் வளர்ந்த வடிவத்தை நம் பெயரில் எழுதிக்கொள்வது நியாயமாகாது.

செல்லூர்த் தறிக்காரர்:
அவர்கள் உழைப்பை நான் எங்கும் குறைக்கவில்லை. தொடக்கம் பூஞ்செடி என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கொத்தாகி நின்ற பூ, வேறு எந்த வடிவத்தையும் எடுக்காமல் இந்த வளைவை ஏன் எடுத்தது என்பதைச் செடி மட்டும் விளக்கவில்லை. அந்த ஒரு கட்டத்தில் மாங்காயைக் கண்ட கண் இருந்தது என்றே இப்போதும் கருதுகிறேன்.