ஜூடோ கழுத்துப் பிடியில் மயங்கிய தம்பி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தம்பிக்கு 19 வயது, மூன்று வருடமாக ஜூடோ பழகுகிறான். போன வாரம் ஹடகா-ஜிமே, அதாவது பின்னாலிருந்து வெறும் கையால் கழுத்தை இறுக்கும் பிடி, அதில் மாட்டியும் "தோற்றேன், விடு" என்று கையால் தட்டாமல் தாக்குப்பிடித்தான். சில நொடி நினைவு தப்பிவிட்டது. எழுந்ததும் "ஒன்றுமில்லை" என்று மறுபடி பாயில் இறங்கியிருக்கிறான். யாரும் தடுக்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

இந்தப் பிடி சரியாக விழுந்தால் மூச்சை அடைக்காது. கழுத்தின் இரு பக்கமும் உள்ள கரோட்டிட் தமனிகள் அழுந்தி, மூளைக்கு ரத்தம் குறைந்து, சுமார் 10 நொடியில் மயக்கம் வரும். பெரிதாக வலிக்காது, அதனால் பையன்கள் தட்டத் தாமதிக்கிறார்கள். முன்கை குரல்வளை மேல் விழுந்தால் வலி கடுமை, குருத்தெலும்பே உடையலாம். அரிதாகத் தமனியின் உட்சுவர் கிழிந்து, சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம்.

நேற்றிலிருந்து அவனுக்கு இடப்பக்கக் கழுத்து வலி, கூடவே தலைவலி. இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிட்டோம். இங்கே மருத்துவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் போதுமா, ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ கேட்க வேண்டுமா?

அப்புறம் பயிற்சியாளர்களுக்கு ஒரு கேள்வி. மயங்கிய மாணவரை எத்தனை நாள் கழித்து ரந்தோரிக்கு, அதாவது பயிற்சிச் சண்டைக்கு, விடுகிறீர்கள்? "இரண்டு தட்டு, உடனே விடு" என்பதை எப்படிப் பழக்குகிறீர்கள்? அவன் என் பேச்சைக் கேட்க மாட்டான், உங்கள் பதிலைக் காட்டினால் கேட்பான்.