பழைய மெட்ராஸ் போட்டோ மூணு: எந்த சர்ச், யார் கல்லறை?

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல ஒரு பழைய ரயில்வே குடும்பத்து வீட்ட காலி பண்ணாங்க, பழைய பேப்பர்காரர் வண்டில ஏற இருந்த அட்டைப்பெட்டிலேர்ந்து கேட்டு வாங்கி வச்ச போட்டோ மூணு எங்கிட்ட இருக்கு. ஸ்கேன் பண்ண இன்னும் நேரம் கிடைக்கல, அதனால இப்போதைக்கு வாயால சொல்றேன்.

முதல் படம் ஒரு சர்ச். முன்னாடி பெரிய தூண் வரிசை, மேல கூம்பு கோபுரம். அட்டைல இங்க்ல செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்னு எழுதிருக்கு. கதீட்ரல் ரோட்டுக்கே போய் நேர்ல வச்சு பாத்தேன், ஒட்டவே மாட்டேங்குது, படத்துல தூணுக்குப் பின்னாடி சுவர் வளைஞ்சு போகுது, அங்க நேரா போகுது. இன்னொண்ணு, முன்னாடி அவ்ளோ பெரிய ரோடு, ஒரு ஆள் இல்ல, ஒரு மாட்டு வண்டி இல்ல. மெட்ராஸா இது?

ரெண்டாவது, ஒசரமா கூர்மையா நிக்கற ஒரு சமாதி, பின்னாடி செங்கல் கட்டடம், மசூதி மினார் மாதிரி ரெண்டு கோபுரம் தெரியுது. மூணாவது, ஏதோ ஒரு சர்ச்ச சுத்தி தரைல படுக்க வச்ச எழுத்துக் கல்லுங்க, ஒண்ணுல மண்டை ஓடும் எலும்பும் செதுக்கிருக்கு. எது எங்க, எந்த வருஷம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எழும்பூர் எட்வின்:
முதல் படம் சந்தேகமே இல்லாம எங்க எக்மோர் கிர்க், செயின்ட் ஆண்ட்ரூஸ் (கிர்க்னா ஸ்காட்லாந்துக்காரங்க பேச்சுல சர்ச்). வளைஞ்சு போகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுவே போதும். சர்ச்சோட நடுப்பகுதி முழுக்க வட்டம், உள்ள போனா 16 தூண் மேல ஒரு டோம், நீலத்துல நட்சத்திரம் வரைஞ்சு வச்சிருப்பாங்க. செயின்ட் ஜார்ஜ் நீள சதுரம். கோபுரமும் கிர்க்ல தான் ஒசரம், 166 அடி, கதீட்ரல்ல 139. தூண் வரிசைக்கு மேல முக்கோணத்துல கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை இருக்கும், லென்ஸ் வச்சு பாருங்க.

தோமையார் மலை:
இந்தக் குழப்பம் உங்க அட்டைல எழுதினவருக்கு மட்டும் இல்ல சார், ஏலத்துக்கு வர்ற பழைய போஸ்ட்கார்டுலயே மாத்தி மாத்தி போட்டிருக்கறத பாத்திருக்கேன். காரணம் சிம்பிள், ரெண்டையும் கட்டினதுல ஒரே ஆள் இருக்கார், டி ஹாவிலாண்ட்னு மெட்ராஸ் இன்ஜினியர். கதீட்ரலுக்கு டிசைன் கால்ட்வெல்னு அவரோட சீனியர் போட்டது, 1816ல திறந்தாங்க. கிர்க் 1821, அது டி ஹாவிலாண்டே போட்டது, லண்டன்ல இருக்கற செயின்ட் மார்ட்டின் சர்ச்ச மனசுல வச்சு. அந்த இடம் வெறும் களிமண், அதனால கிணறு கிணறா இறக்கி அதுக்கு மேல தான் அஸ்திவாரமே நிக்குது.

நீங்க கதீட்ரலுக்கு திரும்ப போனா பக்கத்து கல்லறைத் தோட்டத்தையும் ஒரு ரவுண்டு பாருங்க. அங்க முதல்ல எழுப்பின சமாதி அந்த டி ஹாவிலாண்டோட மனைவி எலிசபெத்துக்கு, 1818ல. மனுஷன் ஒரு பக்கம் கிர்க் வேலைய ஆரம்பிச்ச அதே வருஷம்.

கல்லெழுத்து:
ரெண்டாவது படத்துக்கு வர்றேன், ஏன்னா அதான் மூணுலயும் விசேஷம். அது ஹைகோர்ட் பக்கத்துல லா காலேஜ் வளாகத்துல இருக்கற சமாதி. யேல் யுனிவர்சிட்டிக்கு பேர் குடுத்த எலிஹு யேல் 1687லேர்ந்து 92 வரைக்கும் இங்க கவர்னர், அவரோட பையன் டேவிட், நாலு வயசு நிரம்பல, அங்க தான் புதைச்சாங்க. அதே சமாதில ஜோசப் ஹின்மர்ஸ்னு இன்னொருத்தர். இவர் யாருன்னா யேலோட மனைவி கேத்தரினோட முதல் புருஷன். அவர் 1680ல செத்துப்போறார், அதே வருஷம் நவம்பர்ல யேல் அந்தம்மாவ கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ்ல கல்யாணம் பண்றார், அந்த சர்ச்ல நடந்த முதல் கல்யாணமே அதுதான், சர்ச் திறந்து ஒரு வாரம் தான் ஆகியிருந்துச்சு. அப்புறம் பையன் போனதும் முதல் புருஷன் சமாதிலயே வச்சுட்டாங்க.

இப்ப உங்க மூணாவது படம். அது அந்த செயின்ட் மேரீஸ் தான்னு நினைக்கறேன், இதுக்கும் ரெண்டாவதுக்கும் தொடர்பு இருக்கு. லா காலேஜ் இருக்கற இடம் தான் அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க இடுகாடு, கொய்யாத் தோட்டம்னு பேர். 1758 டிசம்பர்ல பிரெஞ்சுக்காரன் லாலி கோட்டைய முற்றுகை போட்டப்ப அவன் ஆளுங்க இந்த சமாதிங்களுக்குப் பின்னாடி பதுங்கி தான் சுட்டாங்க. 1759 பிப்ரவரில அவன் கிளம்பிப் போனதும் கம்பெனிக்காரங்க, இனிமே எவனும் இங்க மறைஞ்சு நிக்கக்கூடாதுன்னு இடிச்சு தள்ளிட்டு, எழுத்துக் கல்ல மட்டும் பேத்து எடுத்துட்டு வந்து செயின்ட் மேரீஸ சுத்தி பதிச்சுட்டாங்க. அதனால நீங்க பாக்கற பல கல்லுக்குக் கீழ ஆளே கிடையாது, கல் கோட்டைக்குள்ள, எலும்பு லா காலேஜ்ல. யேல் பையன் சமாதியும் பவுனி குடும்பத்து சமாதியும் மட்டும் அங்கயே விட்டுட்டாங்க.

இங்கிலீஷ் மட்டும் இல்ல, லத்தீன், போர்ச்சுகீஸ், ஆர்மீனியன் எழுத்தெல்லாம் அந்தக் கல்லுங்கள்ல இருக்கு. 1652ல எலிசபெத் பேக்கர்னு ஒரு அம்மாவோட கல் இருக்கு, இந்தியாவுல இருக்கற பிரிட்டிஷ் கல்லறைக் கல்லுல அதான் ரொம்ப பழசுன்னு சொல்றாங்க.

பாரிஸ் கார்னர்:
2023ல அந்த யேல் சமாதிய அங்கேர்ந்து எடுக்கணும்னு ஹைகோர்ட்ல கேஸே நடந்துச்சு ப்ரோ, கார் பார்க்கிங் கட்டணுமாம். அடிமை வியாபாரத்துல சம்பந்தப்பட்ட ஆளோட புள்ளைக்கு எதுக்கு அரசாங்கப் பாதுகாப்புன்னு என் ஃபிரெண்ட் கேட்டான். எனக்கும் யேல் மேல மரியாதை ஒண்ணும் கிடையாது. ஆனா அந்த இடத்துல ஒரு இடுகாடு இருந்துச்சுன்னு சொல்ல நிக்கறது அந்த ரெண்டு சமாதி தான், அதையும் எடுத்துட்டா லாலி கதைய எல்லாம் பேப்பர்ல தான் படிக்கணும்.

கண்ணாடி நெகட்டிவ்:
வருஷம் கேட்டீங்களே, அத யாரும் சொல்லல. மூணும் ஒரே ஆல்பம்னு நினைச்சுக்காதீங்க. ரெண்டாவது படத்துல பின்னாடி தெரியறது லா காலேஜ் கட்டடம்னா அது 1899ல முடிஞ்சது, படம் அதுக்கு அப்புறம் தான். ஹைகோர்ட் 1892.

முதல் படம் அதவிட பழசா இருக்கலாம். ஆள் இல்லாததுக்கு காரணம் ஊர் காலி இல்ல. அப்பல்லாம் லென்ஸ் மூடிய கையால எடுத்து, எண்ணி, திரும்ப மூடுவாங்க, அதுக்குள்ள நடந்து போனவன் படத்துல விழவே மாட்டான். ரோட்ட உத்துப் பாத்தா புகை மாதிரி திட்டு திட்டா இருக்கும், அது தான் உங்க மெட்ராஸ் ஜனம். வானம் மேகமே இல்லாம வெள்ளையா இருக்கும், அந்தக் கெமிக்கலுக்கு நீலமும் வெள்ளையும் ஒண்ணு தான். பேப்பர் மெலிசா, லேசா மஞ்சள் தட்டி, தடிமனான அட்டைல ஒட்டியிருந்தா முட்டை வெள்ளைக்கரு பூசின ஆல்புமின் பிரிண்ட், பெரும்பாலும் 1890களுக்குள்ள. டிராம் கம்பி தெரிஞ்சா 1895க்கு அப்புறம்.

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லென்ஸ் வச்சு பாத்துட்டேன், முக்கோணத்துல முத்திரை மாதிரி ஏதோ இருக்கு, எட்வின் சார் சொன்னது தான். ரோட்டுல புகை மாதிரி இருக்கறத நான் பூஞ்சைன்னு நினைச்சு பஞ்சு வச்சு துடைக்க இருந்தேன். அட்டைலேர்ந்து பிரிச்சா பின்னாடி ஏதாவது எழுதிருக்குமா?

கண்ணாடி நெகட்டிவ்:
ஐயோ பிரிக்காதீங்க, துடைக்கவும் துடைக்காதீங்க, தண்ணி பட்டா மேல் படலம் உரிஞ்சு வந்துடும். லேமினேஷன் கடைப்பக்கமும் போயிடாதீங்க. அட்டையோடயே 600 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க, ஸ்டுடியோ பேர் அட்டைக்குக் கீழயோ பின்பக்கமோ அச்சடிச்சிருக்கும், நிக்கோலஸ் கம்பெனி, வீலே அண்ட் க்ளைன் இந்த மாதிரி இருந்தா காலத்த இன்னும் நெருக்கிப் பிடிச்சுடலாம்.

கல்லெழுத்து:
மூணாவத முதல்ல ஸ்கேன் பண்ணுங்க சார். மெட்ராஸ் மாகாணத்து கல்லறை எழுத்தெல்லாம் ஜே. ஜே. காட்டன்னு ஒரு ஐசிஎஸ்காரர் தொகுத்து 1905ல போட்டிருக்கார், மண்டை ஓட்டுக் கல்லுல ரெண்டு வரி தெளிவா கிடைச்சா போதும், அதுல தேடி ஆள் யாருன்னு சொல்லிடறேன்.