அக்கவுண்ட்ஸ்ல இருந்து சைபர் செக்யூரிட்டிக்கு மாறலாமா?

கேள்வி: வயசு 31ங்க, பி.காம், கோயம்புத்தூர்ல 8 வருஷமா அக்கவுண்ட்ஸ், டேலியும் ஜிஎஸ்டியும் தவிர ஒண்ணும் தெரியாது, கோடிங் சுத்தமா வராது. ஒரு இன்ஸ்டிடியூட்ல 85,000 கட்டுனா எத்திக்கல் ஹேக்கிங் சொல்லிக்கொடுத்து வேலையும் கேரண்டிங்கறாங்க. கட்டலாமா?

பதில்: வேலை கேரண்டின்னு சொன்னாலே ஓடிருங்க ப்ரோ. ஹேக்கிங் மட்டுமா செக்யூரிட்டி? ஜிஆர்சின்னு ஒரு பக்கம் இருக்கு, கம்பெனி ரூல்ஸ், ரிஸ்க், ஆடிட் எல்லாம் பாக்கற வேலை. ஐஎஸ்ஓ 27001ன்னு தகவல் பாதுகாப்புக்கு ஒரு ஸ்டாண்டர்ட், அதோட 2022 வெர்ஷன்ல 93 கன்ட்ரோல் (பாதுகாப்பு ஏற்பாடு), ஆடிட்டர் ஒவ்வொண்ணா ஆதாரம் கேப்பாரு, நீங்க இப்ப வவுச்சர் எடுத்து நீட்டுறீங்கல்ல அதே கதைதான். பேமெண்ட் போடறவரும் அப்ரூவ் பண்றவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாதுங்கறது அதுலயும் ஒரு கன்ட்ரோல்.

பதில்: அவர் சொல்றது சரிதான், ஆனா பேசிக்ஸ் இல்லாம ஜிஆர்சி போனா இன்ஜினியர் ஏமாத்துனா கூட தெரியாது. நான் கால் சென்டர்ல இருந்து சாக் எல்1 (அட்டாக் அலர்ட்டை கண்காணிக்கிற டீம்ல முதல் லெவல்) வந்தவ, முதல்ல நெட்வொர்க்கிங் படிச்சேன், டிஎன்எஸ் 53, எச்டிடிபிஎஸ் 443ன்னு போர்ட் நம்பரை எல்லாம் ஏதோ பஸ் நம்பர் மாதிரி மனப்பாடம் 😄 அப்புறம் லினக்ஸ், ட்ரைஹேக்மீங்கற ப்ராக்டிஸ் சைட்ல ஃப்ரீ ரூம்ஸ் (பயிற்சி பாடங்கள்). நைட் ஷிஃப்ட் இருக்கும், வீட்ல முன்னாடியே சொல்லிருங்க.

கேட்டவர்: நன்றிங்க, பணம் கட்டல. நெட்வொர்க்கிங்ல இருந்தே ஆரம்பிக்கிறேன், மார்ச் க்ளோசிங் முடியட்டும்.