ரோட்ஸ் மேல் ஆர்கன் நிற்க மாட்டேன் என்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணம் பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். கீழே 73 கட்டை ரோட்ஸ் மார்க் 1 ஸ்டேஜ் எலக்ட்ரிக் பியானோ, மேலே பழைய ஃபார்ஃபிசா ஆர்கன். ரோட்ஸ் மட்டுமே 60 கிலோ கிட்ட வரும்; ஏற்றி இறக்க நாலு பேர், அப்புறம் அவர்களுக்குப் பரோட்டா!

வம்பு ரோட்ஸ் மூடியில்தான். அடுத்து வந்த மார்க் 2 மாடலுக்கு மேல்பக்கம் தட்டை, என்னுடையது வளைவு. போன வாரம் பலகை மேடை ஆடியதில் பாட்டு நடுவிலேயே ஆர்கன் நழுவி என் மடிக்கே வந்துவிட்டது. ஜமுக்காளத்தை மடித்து வைத்தும் பார்த்தேன், பிரயோஜனமில்லை.

ரோட்ஸ் மேல் பாரம் ஏறாமல், அதைச் சுற்றித் தனியாக நிற்கிற இரும்பு ஸ்டாண்டு அடிக்கலாமா? அடியில் இறங்கும் சஸ்டெயின் பெடல் (ஸ்வரம் நீண்டு ஒலிக்க மிதிப்பது) கம்பியை இடிக்கக் கூடாது. செய்தவர்கள் படமும் அளவும் போட்டால் வெல்டரிடம் காட்டிவிடுவேன்.