முழு உளுந்தை அனுப்புவதா, உடைத்து அனுப்புவதா?

(பர்மாவில் பருப்பு வணிகம் செய்யும் மூவரின் பேச்சு: மாந்தலை (மண்டலே) மில்காரர், பெகு தரகர், ரங்கூன் கிட்டங்கிக்காரர்.)

மாந்தலை மில்: முழு உளுந்தையும் முழுத் துவரையையும் 50 கிலோ மூட்டையாகக் கட்டி இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டு ஏற்றுமதி என்று மார்தட்டுகிறோம். 100 வீசை துவரையை உடைத்தால் 70–75 வீசை பருப்பு தேறும். மீதி உமி, குருணை, பொடி. நல்ல மாட்டுத் தீவனம். உடைக்கிற கூலியும் தீவனமும் அந்தக் கரையிலேயே நின்றுவிடுகின்றன. இதில் நம் நாட்டுக்கு என்ன மிச்சம்?

பெகு தரகு: மிச்சம் வயலில் இருக்கிறது அண்ணே. பெகுவிலும் ஐராவதியிலும் மழைநெல் அறுத்ததும், மண்ணில் தங்கிய ஈரத்தை நம்பியே உளுந்து விதைக்கிறார்கள். பாசனம் இல்லை, உரமும் குறைவு. பர்மியர் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை. வெளிநாட்டில் வாங்க ஆளில்லை என்றால் அந்த நிலம் அடுத்த மழை வரை சும்மா கிடக்கும். அப்புறம், முழு உளுந்து கிடங்கில் தாங்கும். உடைத்த பருப்பில் பூச்சி பிடிக்கும் என்று பயம், பழசானால் இட்லி மாவு பொங்காது. வாங்குகிறவன் ஏன் முழுசாகக் கேட்கிறான் என்று யோசியுங்கள்.

மாந்தலை மில்: பூச்சி முழுசிலும்தான் வரும். வண்டு வயலிலேயே காய்மேல் முட்டையிட்டு விடுகிறது. ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவைத்து, நச்சுப்புகை விடுகிற மூன்று கிராம் மாத்திரை (அலுமினியம் பாஸ்பைடு) டன்னுக்கு மூன்று வீதம் வைத்து, ஓட்டையில்லாத தார்ப்பாயால் ஏழு நாள் மூடினால் சாகும். தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்திருந்தால் போதும், புகை கசிந்து உள்ளே இருக்கிற புழு பிழைத்துக்கொள்ளும். பழி என்னவோ பருப்பின் மேல்.

துவரை உடைப்பதிலும் சூட்சுமம் இல்லை, பொறுமைதான் வேண்டும். சலித்து அளவு பிரித்து, எமரி உருளையில் (சொரசொரப்பான கல் உருளை) ஒரு தடவை ஓட்டித் தோலைக் கீறணும். 100 கிலோவுக்கு அரை கிலோ எண்ணெய் தடவி ராத்திரி மூடி வைத்து, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டி, மறுபடி உருளை. தோலுக்கும் பருப்புக்கும் நடுவே பசை இருக்கிறது. அது விடுமுன் அவசரப்பட்டு ஓட்டினால் பருப்பே தேய்ந்து பொடியாகும். 75 வரவேண்டியது 65தான் வரும்.

பெகு தரகு: சரி, அந்த எமரி உருளை எங்கிருந்து வருகிறது? நிறம் பார்த்துப் பருப்பைப் பிரிக்கிற கலர் சார்ட்டர்? டீசல்? எல்லாம் இறக்குமதி. 2022 ஆகஸ்டில் ஏற்றுமதி டாலர் வரவில் 65 சதவீதத்தை, டாலருக்கு 2,100 கியாட் (நம் நாணயம்) விலைக்கு மாற்றியே ஆகணும் என்றது மத்திய வங்கி. அப்போது வெளிச்சந்தையில் டாலர் அதைவிட அதிகம். விற்கும்போது மலிவு டாலர், உருளை வாங்கும்போது விலையேறிய டாலர். தரகனுக்கு ஒரு பக்கம்தான் அடி, மில்காரருக்கு இரண்டு பக்கமும்.

ரங்கூன் கிட்டங்கி: இருவரும் 2017-ஐ மறந்துவிட்டீர்கள். அந்த ஆகஸ்டில் இந்தியா துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்று வரம்பு போட்டது. இங்கே விலை சரிந்தது. 2021-இல் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் வந்தது: வருஷம் உளுந்து 2,50,000 டன், துவரை 1,00,000 டன். நல்லதுதான், ஆனால் வாங்குகிறவர் ஒருவரே. பெகு தம்பி சொல்கிற நிலத்து லாபமும் அந்த ஒரு கையெழுத்தில்தான் தொங்குகிறது. பருப்பாக்கி ஒரு கிலோ பாக்கெட் போட்டால் சிங்கப்பூர், மலேசியாக் கடைகளுக்கும் போகும். எல்லாச் சரக்கையும் அல்ல. உளுந்தை முழுசாகவே அனுப்பிவிட்டு, துவரையில் ஒரு பங்கை மட்டும் உடைக்கலாம்.

பெகு தரகு: ஒரு பங்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன். மாந்தலைக்காரர் சார்ட்டருக்கு இறக்குமதி லைசென்ஸ் வாங்கட்டும், முதல் 20 டன் துவரை நான் தருகிறேன்.

மாந்தலை மில்: கல்லும் மண்ணும் சலித்துத் தருவீர்களா, அப்படியேவா?