2.7 கிலோமீட்டருக்கு விமானத்தில் அரை மணி நேரமா?

வைகைக்கரை கேட்டது:
ஏழாவது படிக்கும் என் மகள் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள், உலகிலேயே மிகச் சிறிய விமானப் பயணம் அங்கேதானாம். தூரம் பார்க்கும் தளம் ஒன்றில் போட்டேன். 2.7 கி.மீ., பறக்கும் நேரம் 30 நிமிடம் என்று வந்தது. நடந்தாலே போய்விடலாமே! இன்னொரு இடத்தில் 2 நிமிடம் என்றிருக்கிறது. எதை நம்புவது?

மீனம்பாக்கம் மாமா:
2 நிமிடம்தான். இப்படிப்பட்ட தளங்கள் பல, தூரத்தை மணிக்கு 800 கி.மீ. மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைக் கூட்டிவிடும். சென்னை–துபாய்க்கு அது சரியாக வரும். இங்கே கூட்டின அரை மணிதான் மிஞ்சும். நம்ம சென்னையின் பெரிய ஓடுபாதையே 3.6 கி.மீ. இருக்கிறது!

வடகடல் நர்ஸ்:
நான் ஆர்க்னியின் பெரிய ஊரான கிர்க்வாலில் வேலை செய்கிறேன், மூன்று வருஷமாகிறது. போன ஏப்ரலில் இதில் போனேன். பையைத் தராசில் வைத்துவிட்டு என் எடையையும் கேட்டார்கள். இரண்டு கிலோ குறைத்துச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஐலாண்டர் என்ற குட்டி விமானம், எட்டுப் பேர் உட்காரலாம். துணை விமானி கிடையாது. அதனால் விமானிக்குப் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது.

கிர்க்வாலிலிருந்து வெஸ்ட்ரேக்குக் கால் மணி நேரம். அங்கே இரண்டு பேர் இறங்கினார்கள். மறுபடி சக்கரம் தரையை விட்டதும் போனில் நேரம் ஓடவிட்டேன். கீழே கடல் வந்தது, எதிரே புல்வெளி வந்தது, சரளைக் கல் சக்கரத்தில் தட்டும் சத்தம். 1 நிமிடம் 34 வினாடி. காற்று தள்ளிவிட்ட ஒரு நாளில் 53 வினாடியில் முடிந்ததுதான் சாதனை.

இதைத் தனிப் பயணமாக நினைத்தால் கேலியாகத்தான் தெரியும். டவுன் பஸ் மாதிரி பாருங்கள். கிர்க்வாலில் புறப்பட்டு இரண்டு தீவிலும் நிற்கிறது, அடுத்தடுத்த இரண்டு ஸ்டாப்புக்கு நடுவே கடல், அவ்வளவுதான். 1967லிருந்து ஓடுகிறது. ஆசிரியர்கள், நோயாளிகள் எல்லாரும் இதில்தான். தீவுக்குத் தீவு படகும் உண்டு, 25 நிமிடம் ஆகும். மூடுபனி வந்தால் விமானம் கிடையாது, அன்றைக்குப் படகுதான் கதி. பாப்பா வெஸ்ட்ரே போனால் ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கல்வீட்டைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும்.

வைகைக்கரை:
மகள் கணக்குப் போட்டுவிட்டாள். உங்கள் 94 வினாடிக்கு மணிக்கு 103 கி.மீ. வருகிறது. நம்ம எக்ஸ்பிரஸ் ரயிலே இந்த வேகம் போகுமே, விமானம் விழாதா?

வடகடல் நர்ஸ்:
அன்றைக்கு எதிர்காற்று. விமானத்தைத் தாங்குவது காற்றில் அதன் வேகம், தரையில் நாம் அளப்பது அல்ல. ஐலாண்டர் நிதானமாகவும் பறக்கும். அந்த 53 வினாடிக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 183 வரும்.

வைகைக்கரை:
வந்தது. இப்போது, தராசில் ஆளையும் ஏற்றுவார்களா என்று கேட்கிறாள்.

வடகடல் நர்ஸ்:
என்னை ஏற்றவில்லை. கேட்டார்கள், சொன்னேன். பையை மட்டும்தான் ஏற்றினார்கள், அதில் ஒரு கிலோ முறுக்கு இருந்தது.