நாய் இறந்த பின் வரும் முதல் தீபாவளி: காலடி அச்சு, சாம்பல், படையல் பற்றிச் சில கேள்விகள்

கிணற்றடி கேட்டது:

ஆவணியில் எங்கள் மணி போய்விட்டான். நாட்டு நாய், 13 வயது, 18 கிலோ. தகனம் முடிந்து சாம்பலை டப்பாவில் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் பிரிக்கவில்லை. அவன் இல்லாமல் வரும் முதல் தீபாவளி இது.

குட்டியாக இருந்தபோது கிணற்றடி ஈர சிமெண்டில் மிதித்த ஒற்றைக் காலடி இன்னும் இருக்கிறது. பொங்கலுக்குள் அந்தத் தளத்தை உடைக்கப் போகிறோம். அதை அச்சு எடுக்க முடியுமா? சாம்பலைத் துளசி மாடத்தில் போடலாமா? தாத்தா பாட்டி படத்துக்குப் பக்கத்தில் அவன் படம் வேண்டாம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள், அப்படியானால் எங்கே வைப்பது? எட்டு வயது மகள் அவனுக்குப் படையல் போட வேண்டும் என்கிறாள். இன்னொரு நாயும் இருக்கிறது, பெண், 4 வயது. வெடிச் சத்தம் கேட்டால் மணியை ஒட்டித்தான் படுப்பாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுதைமண் எழுதியது:

அச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் ஒரு யோசனை: தளத்தை எப்படியும் உடைக்கத்தான் போகிறீர்கள் என்றால், கல் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு அந்தக் காலடியைச் சுற்றி ஒரு அடிச் சதுரமாக அறுத்தே எடுத்துவிடுங்கள். இரண்டு அங்குல கனம் என்றால் 11 கிலோ போல வரும், தூக்கி வைக்கலாம். அசலைப் போல நகல் வராது. ஆனால் தளம் மெலிசாக, அடியில் வெறும் மண்ணாக இருந்தால் அறுக்கும்போதே விரிசல் காலடிக்குள் ஓடும். அதனால் மெஷின் வைப்பதற்கு முன்பே அச்சு எடுத்துவிட வேண்டும்.

மாலைச் சாய்வெயிலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் பள்ளம் தெரியாது. பிறகு பழைய டூத்பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக் கழுவி, ஐப்பசி மழை படாமல் மூடி, இரண்டு நாள் காய விடுங்கள். வாசலினை மெல்லிய படலமாக, விரல் ரேகை தெரியாத அளவுக்குத் தடவ வேண்டும். தடவாவிட்டால் சிமெண்ட் பிளாஸ்டரின் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வழிய வழியத் தடவினால் நகக்குறி மறைந்துவிடும். சுற்றிலும் களிமண்ணால் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு கப், தண்ணீர் ஒரு கப். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, இன்னொரு நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். வேகமாகக் கிளறினால் காற்றுக் குமிழி நிற்கும், அது விரல் பதிவின் நுனியில்தான் போய் உட்காரும். இட்லி மாவுப் பதம் வந்ததும் ஒரு ஓரத்திலிருந்து ஊற்றி, அது தானாகப் பரவ விடுங்கள். பாதி ஊற்றியதும் காயத்துக்குக் கட்டுப் போடும் காஜ் துணியில் ஒரு துண்டை வைத்து மீதியை ஊற்றினால் எடுக்கும்போது உடையாது. இறுகும்போது சூடாகும். சூடு முழுதும் தணிந்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கை வைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கால் வழுக்கியிருந்தால் விரல் குழி உள்வாங்கி, வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்கும். அதில் பிளாஸ்டர் மாட்டிக்கொண்டு உடையும். அப்படிப்பட்ட காலடிக்குப் பல் மருத்துவர்கள் அளவெடுக்கும் சிலிகான் புட்டிதான் சரி. இரண்டு பாகத்தையும் சமமாகப் பிசைந்து அழுத்தினால் சில நிமிடங்களில் ரப்பராகிவிடும், வளைத்து எடுக்கலாம்.

எதில் எடுத்தாலும் கிடைப்பது மேடான அச்சு. அதைக் களிமண்ணில் அழுத்தினால் பள்ளமான காலடி திரும்ப வரும், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். பிளாஸ்டர் வாங்கியதும் ஒரு ஸ்பூன் கலந்து பாருங்கள். ஈரம் ஏறிய பழைய பாக்கெட் இறுகவே இறுகாது. குழந்தை கையைப் பிளாஸ்டருக்குள் விடக் கூடாது, இறுகும் சூட்டில் தோல் வெந்துவிடும்.

வேரும்மண்ணும் எழுதியது:

துளசி மாடத்தில் சாம்பலைக் கொட்டாதீர்கள். தகனச் சாம்பல் விறகுச் சாம்பல் மாதிரி உரமல்ல. காரத்தன்மையும் உப்பும் அதிகம். உப்பு இலை நுனியைக் கருக்கும், காரம் ஏறிய மண்ணில் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் தளிர் மஞ்சளாகும். அவன் நினைவாக வைத்த துளசி கண்முன்னே காய்வதைப் பார்க்கிற நிலைமை உங்களுக்கு வர வேண்டாம்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 36 மில்லி கொள்ளளவு என்பது கலயம் வாங்குவதற்கு உள்ள கணக்கு. 18 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 650 மில்லி. ஒரு லிட்டர் பீங்கான் ஜாடி தாராளமாகப் போதும். செடி வேண்டும் என்றால், 20 லிட்டர் தொட்டியில் மக்கிய இலையுரம் அதிகமாகக் கலந்த மண்ணில் இரண்டு மேசைக்கரண்டி சாம்பலைப் பரவலாகக் கலந்து, ஒரு மாதம் நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிட்டபின் செம்பருத்தி நடுங்கள். ஒரே இடத்தில் குவியலாகப் போட்டால் வேர் அங்கே போகாது. மீதி ஜாடியிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் இந்தத் தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

படிப்பவர்களில் புதைத்தவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழையில் குழிமண் இறங்கும், தண்ணீர் தேங்கும். மழைக்கு முன் மண் கொட்டி அரை அடி மேடாக்கி வையுங்கள். மேலே மூன்று அடி மண்ணாவது இருக்க வேண்டும். கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பியிருந்தால் உடலில் மருந்து தங்கியிருக்கும், தெருநாய்கள் தோண்டினால் அவற்றின் உயிருக்கே ஆபத்து. மரக்கன்றைக் குழியின் மேல் நடாமல் இரண்டு அடி தள்ளி நடுங்கள்.

வாசல்திண்ணை எழுதியது:

பெரியவர்களோடு வாதம் வேண்டாம் அக்கா. பங்காளி வீட்டுச் சாவுக்குப் பார்க்கிற மாதிரி பண்டிகையை நிறுத்துகிற வழக்கம் நாய்க்குக் கிடையாது, பலகாரம் சுடலாம். படத்தை அவன் படுக்கிற இடத்துக்கு மேல் மாட்டுங்கள், அதுதான் அவன் இடம். நாய்க்குப் படமா என்று யாராவது கேட்டால், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கால நடுகல் இருக்கிறது என்று சொல்லுங்கள். வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் போடாதீர்கள், சுருங்கி வந்திருக்கும். 8க்கு 10 அங்குலத்துக்கு 2400க்கு 3000 பிக்சல் வேண்டும், எடுத்தவரின் போனிலிருந்து அசல் கோப்பை வாங்குங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை மவுண்ட் கேளுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கிழியும். ஈரப் பூச்சரத்தைச் சட்டத்தின் மேல் விளிம்பில் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பூஞ்சை வரும், அதனால் பூவைக் கீழே தட்டில் வையுங்கள்.

நாள் முழுக்க நினைவு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் வலி வந்து நிற்கிற நேரங்கள் சில உண்டு. விடியற்காலை எண்ணெய்க் குளியலின்போது கதவருகே அவன் இல்லாதது, இலை எடுக்கும்போது மிச்சத்தை வாங்க ஆள் இல்லாதது. செய்வதை அந்த நேரத்தில் வையுங்கள், பூஜையோடு சேர்க்க வேண்டாம். மதியம் இலை எடுத்த கையோடு, அவன் தட்டிலேயே படையல். நேபாளத்தில் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் நாய்களுக்கு உரியது. நெற்றியில் திலகமிட்டு, கழுத்தில் துலுக்கச் சாமந்தி மாலை போட்டு, சோறு வைப்பார்கள். அந்த நாளும் நரக சதுர்த்தசிதான், நம் தீபாவளித் திதி.

மகளுக்கு ஒரு வேலை: வாசலிலிருந்து அவன் இடம் வரை காலடிக் கோலம். கிருஷ்ண ஜெயந்திக்குப் பாதம் போடுகிற அதே அரைத்த அரிசி மாவு, கொஞ்சம் கெட்டியாக. பாதி வெட்டிய உருளைக்கிழங்கை முனை மழுங்கிய முக்கோணமாகச் செதுக்கினால் நடு மெத்தை, நான்கு விரலுக்குச் சுண்டுவிரல், நகத்துக்குத் தீக்குச்சி. நகக்குறியை விட்டுவிட்டால் பூனைக் காலாகிவிடும். நாய் நடக்கும்போது பின்கால் ஏறக்குறைய முன்கால் தடத்திலேயே விழும், அதனால் ஒடுக்கமாக இரண்டே வரிசை போதும்.

படையல் சோறு தெரு நாய்களுக்குப் போகட்டும். ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கோழி ஈரல், கொஞ்சம் மஞ்சள். உப்பு, வெங்காயம், பூண்டு வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாய்க்கு வரும். பாக்குமட்டைத் தட்டில் ஆறடி இடைவெளி விட்டு வையுங்கள், ஒரே குவியலாக வைத்தால் சண்டைதான். பலகாரம் போடக் கூடாது. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கிணற்றடி எழுதியது:

அறுத்தே எடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை ஆளைக் கூப்பிடுகிறேன். மணியின் மாத்திரைகள் மிச்சம் இருக்கின்றன, வெடிக்கு அதை இவளுக்குக் கொடுக்கலாமா?

ஊசிமருந்து எழுதியது:

கூடாது. எந்த மாத்திரையானாலும் அவன் எடைக்கும் நோய்க்கும் கொடுத்தது அது. பயத்துக்குத் தனி மருந்து உண்டு. இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் வாங்கி, சத்தமில்லாத ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். வெடிக்கும் நாளில் முதல்முறையாகக் கொடுத்து அளவு சரியில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. அசிப்ரோமசின் மட்டும் எழுதினால் வேறு கேளுங்கள். அது உடம்பை அடக்கும், பயத்தை அடக்காது, நாய் அசையாமல் கிடந்தபடி நடுங்கும்.

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அதோடு நிற்காது என்பது தெரிந்ததுதான், மாலை 5 மணிக்குள் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் ஃபேனைப் போட்டு, மணியின் போர்வையைத் துவைக்காமல் விரித்து வையுங்கள். அந்தப் போர்வையை இதுவரை வெயிலில் போடவில்லையே? போடாதீர்கள், வாசனை போய்விடும். ஈரமாக இருந்தால் நிழலில் ஒரு நாள் உலர்த்தினால் போதும். அந்துருண்டை பக்கத்திலேயே போகக் கூடாது, இவள் தின்றால் விஷம்.

துணையை இழந்த நாய் கொஞ்ச நாள் குறைவாகச் சாப்பிடுவதும், வீடெல்லாம் தேடுவதும் வழக்கம். ஒரு நாள் முழுக்கத் தொடாவிட்டாலோ, தண்ணீரும் குடிக்காவிட்டாலோ பண்டிகை என்று பார்க்காமல் தூக்கிப்போங்கள்.